கல்லாவில் இருப்பதெல்லாம் லாபமா?

கேள்வி: அல்சூரில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள். 'ஜி.எஸ்.டி.யுடன் டேலி, 45 நாளில் சான்றிதழ்' என்று ஒரு பயிற்சி மையத்தில் கூப்பிடுகிறார்கள். கட்டணம் 9,000 ரூபாய். சேர்க்கலாமா அக்கா? இந்த வயதில் அதெல்லாம் மண்டையில் ஏறுமா?
- ஒரு வாசகி, அல்சூர்

பதில்: நன்றாகவே ஏறும். ஆனால் இந்தக் கோடையில் அந்தப் பணத்தை எடுத்து வையுங்கள். சிக்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் இருபத்தாறு வருடம் கணக்கு எழுதினேன். இப்போது சனிக்கிழமை மதியம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் சொல்லித் தருகிறேன்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். அப்பாவுக்கு டீக்கடை. இதே மாதிரி ஒரு மையத்தில் படித்து முடித்தவள். டேலி என்கிற கணக்கு மென்பொருளில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசீப்ட், எஃப்8 சேல்ஸ் என்று விரல் பறந்தது. டேலியை மூடச் சொல்லிவிட்டு, முந்தின நாள் கடைக் கணக்கைக் கேட்டேன். ராத்திரி கல்லாவில் 3,840 ரூபாய் இருந்ததாம். "அப்போ லாபம் எவ்வளவு?" என்றேன். "3,840" என்றாள்.

"யாராவது பழைய பாக்கி கொடுத்தார்களா, அப்பாவைக் கேள்" என்றேன். போன் போட்டாள். மெக்கானிக் ஷெட்காரர் போன மாத டீக்கணக்கு 900 கொடுத்திருந்தார். சில்லறைக்காகக் காலையில் கல்லாவில் போட்டது 500. பால்காரருக்குத் தர வேண்டிய 1,100 அப்படியே நிற்கிறது. ஒவ்வொன்றாகக் கழித்து 1,340-க்கு வந்தாள். பென்சிலைக் கீழே வைக்கப்போனவள், "இதிலேயும் சர்க்கரை, டீத்தூள், கேஸ் எல்லாம் இருக்கே ஆன்ட்டி" என்று மறுபடி எடுத்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று மாதம் வகுப்புக்குப் போய் வந்த பிள்ளையிடம் யாருமே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

உங்கள் வீட்டில் கடையே இருக்கிறது. நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். தினமும் கடை சாத்தும் நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரவு, செலவு எழுதட்டும். அதுதான் நாள்வழி. கடன் வாங்கிப் போகிறவர்களுக்கும் சரக்கு போடுகிறவர்களுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். அது பேரேடு, இப்போது லெட்ஜர் என்கிறோம். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு கணக்கில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494-லேயே லூக்கா பச்சோலி என்ற இத்தாலியத் துறவி அச்சுப் புத்தகத்தில் விளக்கிவிட்டார். டேலிக்குள் ஓடுவதும் அதே முறைதான். டேலியும் ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, தன் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத்தை எழுதவைத்ததில் வந்ததுதான். 1986-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி இருப்பது நம் பெங்களூரில். மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் நோட்டு எழுதியபின் அதே கணக்கை லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) மென்பொருளில் ஏற்றலாம், இலவசம். அப்புறம் டேலி. அதன் கல்விப் பயன்முறைக்கும் காசு வேண்டாம். 1, 2, 31 என்று சில தேதிகளில்தான் பதிவு செய்யவிடும், பழகுவதற்கு அது போதும்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒன்று. 2017 ஜூலையில் அது வந்த புதிதில், ஒசூர்க்காரர் ஒருவரின் கணக்கைத் திறக்கும்போது மாநிலம் கர்நாடகா என்று போட்டுவிட்டேன். ஒசூர் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் தமிழ்நாடு. அவருடைய ஜி.எஸ்.டி. எண் 33-ல் தொடங்கும், நம்முடையது 29. மாநிலம் தாண்டிப் போகும் சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். மென்பொருள் நான் கொடுத்ததை நம்பி, வரியை மத்திய வரி, மாநில வரி என்று பாதி பாதியாகப் பிரித்தது. ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீதம் என்றால் 90-ம் 90-ம் சேர்ந்தாலும் 180, ஐ.ஜி.எஸ்.டி.யும் 180. மொத்தம் சரியாக இருந்ததால் என் கண்ணில் படவே இல்லை. மாதக் கடைசியில் அத்தனை பில்லையும் திருத்தினேன். எந்தச் சரக்கு எங்கே போகிறது என்று பார்க்கப் பிள்ளைக்கு முதலில் பழக்குங்கள். பதினொன்றில் காமர்ஸ் எடுத்தால், சான்றிதழ் வகுப்பை அப்போது யோசிக்கலாம்.

கேள்வி: மகன் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பதாவது. ஆறாவது பாடமாகத் தகவல் தொழில்நுட்பம் எடுக்கச் சொல்கிறார்கள். வீண் சுமைதானே? வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை.
- ஒரு வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: எடுக்கச் சொல்லுங்கள் ஐயா. 402 என்ற குறியீட்டில் வரும் பாடம் அது. எழுத்துத் தேர்வுக்கு 50, செய்முறைக்கு 50. பத்தாம் வகுப்பில் ஆவணம் தயாரிப்பது, விரிதாள், தரவுத்தளம் எல்லாம் வரும். ஆபீஸில் தினமும் கை வைக்கிற வேலைகள் இவை. தேர்வில் அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் மூன்றில் ஒன்று போனாலும், தேறிய இந்தப் பாடத்தை அதன் இடத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டர் இல்லாததுதான் கஷ்டம். பள்ளி லேபில் சாயங்காலம் அரை மணி நேரம் விடுவார்களா என்று நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். பையன் கேட்டால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள், அப்பா வந்து கேட்டால் யோசிப்பார்கள். லேபுக்குப் போகுமுன் விரிதாளில் எந்தக் கட்டத்தில் என்ன சூத்திரம் என்று கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். என்னிடம் வரும் பிள்ளைகளில் நான்கு பேர் அப்படித்தான் படிக்கிறார்கள். அரை மணியில் அவர்கள் முடிக்கும் வேலையை, வீட்டில் லேப்டாப் இருக்கிற பிள்ளைகள் ஒரு மணி நேரம் செய்கிறார்கள்.