சட்ட உதவியாளர் படிப்பு: குற்றவியல் சட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கொழும்பில் சட்ட உதவியாளர் பாடநெறி படிக்கும் நீங்கள், குற்றவியல் சட்டத்தில் முதலில் எதைப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான் அடிப்படை. ஆனால் தொடக்கத்திலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். களவு பற்றிய 366ஆம் பிரிவை மட்டும் பிரித்துப் பாருங்கள்: அசையும் பொருள், அது இன்னொருவரின் கைவசம் இருப்பது, அவருடைய சம்மதமின்மை, நேர்மையற்ற எண்ணம், அப்புறம் பொருளை நகர்த்துதல். புறக்கோட்டை பஸ்ஸில் ஒருவர் அந்த எண்ணத்தோடு அடுத்தவர் பையிலிருந்து போனைப் பாதி இழுத்தாலே போதும், களவு முடிந்துவிட்டது. தப்பி ஓட வேண்டியதில்லை. தன்னுடையது என்று உண்மையாக நம்பி எடுத்தவரிடமோ அந்த எண்ணமே இல்லை. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

கைது, விசாரணை முறை எல்லாம் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் வரும். பிணைக்கு 1997இல் வந்த தனிச்சட்டம் இருக்கிறது. நேரம் கிடைத்தால் புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து கவனியுங்கள்.