போனோ ப்ரீஆம்ப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அப்பாவின் எல்பி தட்டுகளைக் கேட்க ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸில் சொருகினால், வால்யூமை முழுக்க வைத்தாலும் கொசு ரீங்காரம் மாதிரிதான் பாட்டு வருகிறது. மிருதங்கமே காணோம். டர்ன்டேபிள் பழுதா?

பழுதில்லை. ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். ஆக்ஸ் சாக்கெட் எதிர்பார்ப்பது அதைப்போல் பல மடங்கு. ஆனால் சத்தத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. தட்டை வெட்டும்போதே கீழ்ஸ்தாயியைக் குறைத்து, மேல்ஸ்தாயியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். கீழ்ஸ்தாயியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி, ஒரு பக்கத்தில் கொள்ளும் பாட்டு குறைந்துவிடும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதற்கு 1954-இல் வந்த பொது அளவுதான் ஆர்ஐஏஏ. டர்ன்டேபிளுக்கும் ஆக்ஸுக்கும் நடுவில் வந்து சத்தத்தைக் கூட்டித் தரும் போனோ ப்ரீஆம்ப்தான் அதைத் திருப்பிப் போடுகிறது: 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபல் ஏற்றம், 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் இறக்கம். உங்கள் மிருதங்கத்தின் தொப்பி திரும்பி வருவது இங்கேதான்.

கடைக்குப் போகும் முன் டர்ன்டேபிளின் பின்பக்கம் பாருங்கள். 'போனோ / லைன்' என்று சின்ன சுவிட்ச் இருந்தால் உள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. லைனுக்குத் தள்ளினால் போதும். ஆம்ப்ளிஃபயரில் 'போனோ' என்று தனி சாக்கெட் இருந்தாலும் செலவு மிச்சம். ஆனால் இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். லைனில் வைத்து போனோ சாக்கெட்டில் சொருகினால் கீழ்ஸ்தாயி வீங்கி, பாட்டே உடைந்து கேட்கும்.

உள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. தனியாக ஒன்று வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் வைத்து, ஊசியைத் தட்டில் இறக்காமல் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று, ப்ரீஆம்பின் இரைச்சலைக் கேளுங்கள். அப்புறம் ஊசியை இறக்கி, இரண்டு பாட்டுக்கு நடுவில் வரும் வெற்றுப் பள்ளத்தைக் கேளுங்கள். பள்ளத்தின் சொரசொரப்பையும் மீறி 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்டால் தனி ப்ரீஆம்ப் வாங்குவதில் அர்த்தம் உண்டு. சொரசொரப்பு மட்டும்தான் கேட்கிறதென்றால், அந்தப் பணத்தில் நல்ல ஊசி வாங்குங்கள். தேய்ந்த ஊசி தட்டையே தின்றுவிடும். எந்த ப்ரீஆம்பும் அதைச் சரிசெய்யாது.

எம்எம், எம்சி இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி வாங்கிவிடட்டுமா?

ஊசியைத் தாங்கும் சின்னப் பாகம்தான் கார்ட்ரிட்ஜ்; உள்ளே காந்தம் அசைந்தால் எம்எம், கம்பிச்சுருள் அசைந்தால் எம்சி. எம்சி கார்ட்ரிட்ஜ் வாங்கும் எண்ணம் நிச்சயமாக இருந்தால் வாங்குங்கள். டெனான் டிஎல்-103 என்ற எம்சி கார்ட்ரிட்ஜ் தருவது 0.3 மில்லிவோல்ட்தான், அதற்கு 60 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு பெருக்கம் வேண்டும். எம்எம்முக்கு 40 டெசிபலே போதும். 'எப்போதாவது' என்ற நினைப்பில் இன்றைக்கே காசைக் கொட்ட வேண்டாம்.

எம்எம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது கெபாசிட்டன்ஸ், அதாவது வயரும் ப்ரீஆம்பும் சேர்ந்து கார்ட்ரிட்ஜ் மேல் ஏற்றும் மின்தேக்கம்; பிக்கோஃபாரட் என்ற அலகில் சொல்வார்கள். கடையில் யாரும் சொல்வதில்லை. ஆடியோ டெக்னிகாவின் விஎம்95இ கார்ட்ரிட்ஜ் கேட்பது 100 முதல் 200 பிக்கோஃபாரட், ஆர்டோஃபோன் 2எம் ரெட் கேட்பது 150 முதல் 300. வயரே 100 பிக்கோஃபாரட்டுக்கு மேல் சேர்த்துவிடலாம். ப்ரீஆம்புக்குள் இன்னொரு 220 இருந்தால் விஎம்95இ-க்கு அளவு மீறிவிடும். 'ஸ', 'ச' எல்லாம் காதைக் கீறும். இந்த அளவை மாற்ற சுவிட்ச் உள்ள ப்ரீஆம்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பேன்.

புது ப்ரீஆம்ப் போட்டதிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு ஹம். திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

பொறுங்கள். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரை ப்ரீஆம்பின் திருகில் இறுக்கினீர்களா? இறுக்கியும் போகவில்லையென்றால், மோட்டார் நின்றிருக்கும்போது ஊசி இருக்கும் ஆர்மைக் கையால் தட்டின் மேலாக மெதுவாக நகர்த்துங்கள். இடத்துக்கு இடம் ஹம் கூடிக் குறைந்தால் பக்கத்தில் ஏதோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. என் வீட்டில் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்; கடைசியில் பார்த்தால் டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயருக்கு ஒட்டினாற்போல் வைத்திருந்தேன். இரண்டடி நகர்த்தினேன், நின்றுவிட்டது. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஹம் வந்தால், கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள சிவப்பு, பச்சை, வெள்ளை, நீல வயர்களில் ஒன்று தளர்ந்திருக்கும்.

தாத்தா வைத்திருந்த 78 சுற்று நாதஸ்வரத் தட்டுகளுக்கும் இதே ப்ரீஆம்ப் போதுமா?

கேட்கலாம், ஆனால் அவை ஆர்ஐஏஏ வருவதற்கு முந்தியவை என்றால் கீழ்ஸ்தாயி, மேல்ஸ்தாயி அளவு கொஞ்சம் தப்பாக இருக்கும். டோன் குமிழைத் திருகிச் சமாளிக்கலாம். மோனோ சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கீறல் சத்தம் நன்றாகவே குறையும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஊசியை மாற்றுங்கள். 78-இன் பள்ளத்துக்கு 3 மில் ஊசி வேண்டும் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு); எல்பியின் 0.7 மில் ஊசி பள்ளத்தின் அடியில் உருண்டு அழுக்கைத்தான் வாசிக்கும்.