காசு போட்டு மாற்றிய சஸ்பென்ஷன் கல் மாதிரி இருக்கிறதே, ஏன்?

கேள்வி: போடியில் வீடு, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் வைத்திருக்கிறேன். ராலி ஓட்டுகிற நண்பர் ஒருவர் வண்டி மாற்றியபோது அவரிடமிருந்த நீளமான முன் ஃபோர்க்கையும் பின் ஷாக்கையும் வாங்கி மாட்டினேன். அவர் 85 கிலோ, நான் 58. மாட்டியதிலிருந்து ஜீப் பாதையில் ஒவ்வொரு கல்லும் கையில் அடிக்கிறது, ஈரத்தில் முன் சக்கரம் வழுக்குகிறது, கால் தரையில் எட்டவில்லை. பழையதே தேவலை போலிருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா அண்ணே?

பதில்: அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. சாமான் நல்ல சாமான்தான். ஆனால் அந்த ஷாக்கின் மேல் இன்னமும் உங்கள் நண்பர்தான் உட்கார்ந்திருக்கிறார். 85 கிலோ ஆளுக்கு, அதுவும் வேகமாகப் பறக்கிற ஆளுக்கு முறுக்கி வைத்ததை அப்படியே கழற்றி மாட்டியிருக்கிறீர்கள். உங்கள் எடைக்கும் உங்கள் வேகத்துக்கும் அதை இறக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும், பெரிய செலவும் இல்லை.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்க் மாற்றும்போது முன் ஆக்சிலை எப்படி முறுக்கினார்கள்? இரண்டு ஃபோர்க் காலும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் லேசாகத் திருகிக்கொண்டு நின்றால், உள்குழாய் வழுக்கி இறங்காது, உரசிக்கொண்டு இறங்கும். கல் நேராகக் கைக்கு வந்துவிடும். நான் இதில் பட்டவன். பல வருஷத்துக்கு முன் என் வண்டியில் ஆக்சிலை அப்படி இறுக்கிவிட்டு, ஒரு மாதம் எண்ணெயைக் குறை சொல்லிக்கொண்டே ஓட்டினேன், இரண்டு தடவை எண்ணெயும் மாற்றினேன். பரிகாரம் ஐந்து நிமிஷ வேலை. ஆக்சிலைப் பிடித்திருக்கும் அடிப்பக்க போல்ட்டைத் தளர்த்துங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஆறேழு தடவை அமுக்கி எழுப்புங்கள். கால்கள் தானாக நேராகிக்கொள்ளும். அப்புறம் இறுக்குங்கள். உங்கள் வலியில் பாதி இதிலேயே போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இன்னொன்று, நம் ஊருக்கென்றே உள்ள விஷயம். போடியில் மூடிய ஃபோர்க்கை போடிமெட்டு ஏறிக் கொண்டுபோகிறீர்கள், கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம். மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே அடைபட்ட காற்று அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு ஓட்டத்தில் எண்ணெய் சூடாகி அந்தக் காற்றை இன்னும் விறைப்பாக்கும். ஃபோர்க் தலையில் காற்று விடுகிற சின்ன ஸ்க்ரூ இருந்தால், மேலே போய்ச் சேர்ந்ததும் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து அதைத் திறந்து மூடுங்கள். ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வரும். சக்கரத்தைத் தூக்காமல் திறந்தால் கணக்கு தப்பிவிடும்.

இனி முக்கியமான வேலை. கம்பெனி சஸ்பென்ஷனில் முன்னால் 190 மில்லிமீட்டர், பின்னால் 170 மில்லிமீட்டர் அமுங்க இடம் இருந்தது. நீங்கள் மாட்டியது 250, 220 கணக்கு என்றே வைத்துக்கொள்கிறேன், இந்த வண்டிக்கு வருகிற நீளமான செட் அதுதான். இந்த இடத்தை இரண்டு விதமாகச் செலவு செய்ய வேண்டும். கொஞ்சம், நீங்கள் ஏறியதுமே அமுங்கிவிட வேண்டும். அப்போதுதான் குழி வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தேடிப் பிடிக்கும். மீதி, கல் வரும்போது மேலே ஏறுவதற்கு. ஏறியதும் அமுங்குகிற இந்த அளவைத்தான் சேக் என்கிறார்கள். மொத்த டிராவலில், அதாவது அமுங்குகிற மொத்த இடத்தில், 30 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சரி. பின்னால் 66 மில்லிமீட்டர். முன்னால் 62-லிருந்து 75-க்குள்.

அளப்பதற்கு இரண்டு ஆள், ஒரு இஞ்ச் டேப் வேண்டும். ஓட்டும்போது போடுகிற ஹெல்மெட், பூட்ஸ், பை எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள். ஏலக்காய் எடை போடுகிற தராசு தோட்டத்து ஸ்டோரில் இருக்குமே, அதில் அப்படியே ஏறி நின்று பாருங்கள். நீங்கள் சொன்ன 58 அங்கே 66, 67 காட்டும். அதுதான் வண்டிக்குத் தெரிகிற எடை.

பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, பக்கத்துப் பேனலில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துப் பின் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஆக்சிலிலிருந்து கோடு வரை அளந்து எழுதுங்கள். கட்டையை எடுத்துவிட்டு, வண்டி தன் எடையில் நிற்கும்போது ஒரு அளவு. கடைசியாக நீங்கள் ஏறி, சுவரைத் தொட்டுக்கொண்டு ஃபுட்ரெஸ்டில் நின்றபடி ஒரு அளவு. தோட்டத்துக்குள் பாதி நேரம் நின்றுதானே ஓட்டுகிறீர்கள், அதனால் நின்றே அளங்கள்.

உதாரணத்துக்கு, தொங்கும்போது 620, தன் எடையில் 608, நீங்கள் ஏறியதும் 574 என்று வந்தால், வண்டி தானாக அமுங்கியது 12, உங்களோடு சேர்த்து 46. வேண்டியதோ 66. ஸ்பிரிங் தலையிலுள்ள பூட்டு வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் தளர்த்தி, ஒரு சுற்று விட்டு அளங்கள், இன்னொரு சுற்று விட்டு அளங்கள். 66-க்கு வந்ததும் நிறுத்தி, வண்டி தானாக அமுங்குவதை மறுபடி பாருங்கள். அதுவும் 20 கூடி 32 ஆகியிருக்கும். 20-லிருந்து 35 வரை இருந்தால் அந்த ஸ்பிரிங்கே உங்களுக்குப் போதும். நாற்பதைத் தாண்டினால் ஸ்பிரிங் உங்களுக்கு அதிக விறைப்பு என்று அர்த்தம். அப்போது வளையத்தை எவ்வளவு திருகினாலும் பிரயோஜனமில்லை, ஒரு நம்பர் குறைந்த ஸ்பிரிங் வாங்கத்தான் வேண்டும். கனமான ஆளுக்கு இதுவே தலைகீழ்: வளையத்தை முழுக்க இறுக்கி 66-ஐக் கொண்டுவந்தால், தானாக அமுங்குவது ஒன்றுமில்லாமல் போய்விடும், அவருக்கு ஸ்பிரிங் பற்றவில்லை.

நிறையப் பேர் இந்த அளவை எடுக்காமலே, எண்ணெய்த் தடையைக் கூட்டிக் குறைக்கிற கிளிக் ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள். அடித்தளம் சாய்ந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை அது.

சேக் சரியானால் உங்கள் இரண்டாவது புகாரும் பாதி தீரும். முன்பக்கம் அமுங்காமல் உயரமாகவே நின்றால் முன் சக்கரத்தின் மேல் பாரம் இறங்காது, சகதியில் சக்கரம் தன்பாட்டுக்குப் போகும். மீதிப் பாதி டயர் காற்றில் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் 28, 30 என்று அடித்துக்கொண்டு மேலே வருகிறீர்களா? தோட்டத்துக் கேட்டுக்கு வந்ததும் முன்னால் 18, பின்னால் 20-க்கு இறக்குங்கள். டியூப் டயர் என்பதால் 16-க்குக் கீழே வேண்டாம். கல் விளிம்பு ரிம்மோடு சேர்த்து டியூபைக் கடித்துவிடும், கழற்றிப் பார்த்தால் பாம்பு கொத்தின மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருக்கும். இறங்கும்போது கைப்பம்பால் மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். 85-ஆம் நம்பர் நெடுஞ்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் தொளதொள டயரோடு படுக்கப் போடாதீர்கள், எதிரே ஆளேற்றிய ஜீப் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாததா!

இப்போது கிளிக். கம்ப்ரஷன் என்பது சக்கரம் மேலே ஏறும்போது எண்ணெய் போடுகிற தடை, ரீபவுண்ட் என்பது திரும்பி இறங்கும்போது போடுகிற தடை. எந்த ஸ்க்ரூ எது என்பது ஃபோர்க்குக்கு ஃபோர்க் மாறும், நண்பரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொன்றையும் வலப்பக்கமாக மெதுவாக மூடி, எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதுங்கள். அதுதான் நண்பரின் செட்டிங், எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். முட்டும் இடத்தில் பலம் காட்டாதீர்கள், உள்ளே ஊசி முனை நசுங்கிவிடும்.

கம்ப்ரஷனை நண்பர் வைத்ததைவிட நான்கு கிளிக் திறந்து தொடங்குங்கள். அவர் குதித்து விழுவதற்கு இறுக்கி வைத்தது, 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் உருள்கிற நமக்கு அது எதற்கு? ரீபவுண்ட் கொஞ்சம் நுணுக்கம். நண்பரின் கட்டியான ஸ்பிரிங்கை அடக்க அதையும் இறுக்கித்தான் வைத்திருப்பார். அப்படி இருந்தால், வரிசையாகக் கல் வரும்போது முதல் கல்லில் அமுங்கிய சக்கரம் இறங்கி முடிப்பதற்குள் இரண்டாவது கல் வந்துவிடும், மூன்றாவதில் அமுங்க இடமே மிச்சமிருக்காது. முதல் கல் மெத்தை மாதிரியும் நான்காவது கல் சுத்தியல் மாதிரியும் இருந்தால் இதுதான் காரணம், இரண்டு கிளிக் திறங்கள். ரொம்பத் திறந்தால் கல் தாண்டியதும் சீட் முதுகைத் தட்டும், அப்போது ஒன்று மூடுங்கள்.

சோதிக்க ஊரெல்லாம் சுற்ற வேண்டாம். ஸ்டோருக்குப் பக்கத்திலேயே 200 மீட்டர் கல்பாதையாக ஒன்றைப் பிடியுங்கள். ஒரே கியர், ஒரே வேகம், ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், உடனே நோட்டில் ஒரு வரி. ஃபோர்க்கின் உள்குழாயில் ஒரு கேபிள் டையைச் சுற்றி சீல் ஓரமாகத் தள்ளிவையுங்கள். ஓடி வந்து பார்த்தால் ஃபோர்க் எதுவரை அமுங்கியது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். நாள் முழுக்க ஓடியும் 60, 70 மில்லிமீட்டர் தொடப்படாமல் கிடந்தால் இன்னும் விறைப்பு. எப்போதாவது ஒரு பெரிய பள்ளத்தில் கடைசிவரை போய் லேசாக முட்டினால் கவலைப்படாதீர்கள், அந்த டிராவலுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தீர்கள். இன்னொன்று, பழைய சாமான் என்பதால் உள்ளே எண்ணெய் எந்தக் காலத்தது என்று தெரியாது. மாற்றிவிடுங்கள், ஆனால் ஃபோர்க் எண்ணெயேதான். மிச்சமிருந்த எஞ்சின் ஆயிலை ஊற்றி அனுப்புகிற கடையை நான் பார்த்திருக்கிறேன்.

கால் எட்டாத விஷயம். கம்பெனி சீட் உயரம் 825 மில்லிமீட்டர், இந்த நீள செட்டோடு வருகிற வண்டியில் 891. சேக் சரிசெய்ததில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இறங்கும். சீட் பஞ்சில் இன்னொரு இரண்டு வெட்டலாம். மீதியைப் பழக்கத்தில்தான் சமாளிக்க வேண்டும்: இரண்டு காலும் ஊன்ற நினைக்காமல், நிறுத்தும் முன்பே இடம் பார்த்து, மேட்டுப் பக்கமாக ஒரு பக்கம் நகர்ந்து ஒரே காலை ஊன்றுங்கள். லிங்க் மாற்றி வண்டியைத் தாழ்த்தச் சொல்வார்கள். கேட்காதீர்கள், காசு கொடுத்து வாங்கிய உயரத்தைக் காசு கொடுத்தே இறக்குகிற கதை.

மாட்டிய அன்றே பார்த்திருக்க வேண்டிய சில. முன் சக்கரத்தைத் தொங்கவிட்டால் பிரேக் ஹோஸ் விறைத்து இழுக்கிறதா, முழுக்க அமுங்கினால் டயர் மட்கார்டில் படுகிறதா என்று பாருங்கள். செயின் தொய்வை வண்டி சும்மா நிற்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் அளவுக்கு வண்டியை அமுக்கிப் பாருங்கள், அங்கேதான் செயின் மிக இறுக்கமாகும். அங்கேயும் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும்.

எல்லை தாண்டி ஓட்டுகிறவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி கம்பெனி அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு, கேரள மோட்டார் வாகனத் துறை (எம்விடி) இதில் கறார். ரோட்டில் இறங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். விபத்து என்று வந்த பிறகு இந்தக் கேள்வியை அவர்கள் கேட்பார்கள். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா, அங்கே டயர் வைக்கிற எண்ணமே வேண்டாம். சின்னக்கானல், சாந்தன்பாறை பக்கம் பொழுது சாய்ந்தால் ஆனை நடமாட்டம். அரிக்கொம்பன் 2023 மே மாதம் கம்பத்துத் தெருவுக்கே வந்துபோனதை நாம்தானே பார்த்தோம். சோதனை ஓட்டத்தை ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், காய் எடுத்துவிட்டு வருகிற பெண்கள் பாதையில் இறங்குவதற்கும் முன்னால்.

அப்புறம் சைடு ஸ்டாண்ட். நண்பர் நீள ஸ்டாண்டைக் கொடுக்கவில்லை என்றால் பழையது இந்த உயரத்துக்குக் குட்டை, வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்து நிற்கும், ஈர மண்ணில் விழுந்துவிடும். வெல்டிங் கடையில் நீட்டி, அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு வைக்கச் சொல்லுங்கள். அதுவரை நிறுத்தும் இடத்தில் ஒரு தட்டைக் கல்லைத் தேடி ஸ்டாண்டுக்கு அடியில் வையுங்கள்.