கத்தோலிக்க ஞானஸ்நானச் சான்றிதழை வேறு பங்கில் (வேறு கோயில் வட்டாரத்தில்) வாங்க முடியுமா?

முடியாது. நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற ரங்கூன் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரில்லை என்று சொன்னாலும், நீங்கள் இப்போதிருக்கும் மோல்மீன் பங்கில் சான்றிதழ் தரமாட்டார்கள். ஞானஸ்நானம் பெற்ற கோயில்தான் தரவேண்டும். உறுதிப்பூசுதல், திருமணம் எல்லாம் அந்த மூல ஏட்டில்தான் ஓரக்குறிப்பாக ஏறும். அதனால்தான் கல்யாணத்துக்குப் பெட்டியில் கிடக்கும் பழைய தாள் செல்லாது. வழக்கமாக ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுப்பிரதி கேட்பார்கள்.

அநேகமாக அடையாள அட்டையிலுள்ள பர்மியப் பெயரைக் கொடுத்துத் தேடியிருப்பீர்கள். ஏட்டில் இருப்பது அந்தோணிசாமி, சவரியம்மாள் மாதிரி ஞானஸ்நானப் பெயர். பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களையும் உத்தேச வருடத்தையும் தாளில் எழுதிக் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஏடே அழிந்திருந்தால், ஞானஸ்நானம் நடந்ததைச் சொல்ல நம்பகமான ஒரு சாட்சி போதும் என்கிறது திருச்சபைச் சட்டம் 876. ஞானத்தாய் இருந்தால் ரொம்ப நல்லது. ஆனால் முதலில் பங்குத்தந்தையிடம் பேசிவிடுங்கள், சாட்சியை ஏற்பது அவர் முடிவு.