‘ஜிசெல்’ ஆடும் சிறுமிக்குக் கம்பி வைத்த டூட்டூ தேவையா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். பன்னிரண்டு வயதாகும் என் மகள் சில ஆண்டுகளாகப் பாலே கற்கிறாள். அடுத்த வசந்த காலத்தில் ஒரு போட்டியில், ‘ஜிசெல்’ என்ற பாலே நாடகத்தின் முதல் அங்கத்தில் வரும் கிராமத்துப் பெண்ணின் தனி நடனத்தை ஆடப்போகிறாள். நடனப் பள்ளி மூலம் அறிமுகமான ஒருவர், கம்பி வைத்த குட்டை டூட்டூ, அதாவது பாலே பாவாடை, தைத்துத் தருவதாகவும், எல்லா நடனத்துக்கும் அது பொருந்தும் என்றும், முழுத் தொகையையும் முன்கூட்டியே ரொக்கமாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறார். இணையத்தில் பார்த்தால் சிலர் நீண்ட பாவாடையிலும் சிலர் தட்டையாக விரிந்த குட்டைப் பாவாடையிலும் ஆடுகிறார்கள். எது சரி? இவரிடம் வாங்கலாமா?

பதில்: முதலில், பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். எல்லா நடனத்துக்கும் பொருந்துகிற டூட்டூ என்று ஒன்று கிடையாது. அப்படிச் சொல்பவருக்குப் பாலே தெரியாது, அல்லது தெரிந்தேதான் சொல்கிறார். உங்கள் மகளுக்கு வேண்டியது முழங்காலை மூடி இறங்கும் மணி வடிவப் பாவாடையும், உடம்போடு ஒட்டிய கிராமத்துப் பாணி மேல்சட்டையும். ஆசைப்பட்டால் முன்னால் சின்னதாக ஓர் ஏப்ரன். கம்பிக்கு இங்கே வேலையே இல்லை.

டூட்டூவின் நீளம் தையல்காரரின் விருப்பம் அல்ல. எந்தக் காலத்தில் காலின் எந்த வேலையைப் பார்வையாளர் பார்க்க வேண்டியிருந்ததோ, அதற்கேற்பப் பாவாடை ஏறியது. பதினெட்டாம் நூற்றாண்டில் மரீ கமார்கோ என்ற நடனமணி தன் பாத வேலை தெரிவதற்காகப் பாவாடையைச் சற்று உயர்த்தினார். 1832 மார்ச்சில் பாரிஸ் ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ ஆடிய மரீ தாலியோனி கால்விரல் நுனியில் நின்றார். பாதமும் கணுக்காலும் தெரிந்தால் போதும் என்பதால் அவருடைய வெள்ளைப் பாவாடை கெண்டைக்காலின் பாதிவரை இருந்தது. நடனக்காரி துள்ளி இறங்கும்போது உடம்பு முதலில் தரைக்கு வந்துவிடும், மெல்லிய துணி கொஞ்சம் பிந்தித்தான் வந்து அமரும். பார்ப்பவருக்கு அவள் மிதப்பதாகத் தோன்றுவது இதனால்தான். ‘ஜிசெல்’ இந்தப் பாவாடையின் காலத்தது; 1841-ல் அதே ஓபராவில் அரங்கேறியது. உங்கள் மகள் ஆடப்போகும் பகுதி, நத்தாலி ஃபிட்ஸ்-ஜேம்ஸ் என்ற நடனமணிக்காக பர்க்முல்லரின் இசையை வைத்துக் கதைக்கு நடுவில் செருகப்பட்டது. செருகலானாலும் இடம் திராட்சை அறுவடை நடக்கும் கிராமம். அங்கே இடுப்பைச் சுற்றி மினுமினுக்கும் கம்பித் தட்டோடு ஒருத்தி வந்து நின்றால் நடுவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

குட்டைப் பாவாடை பிந்தி வந்தது. 1880-களில் இத்தாலிய நடனமணிகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார்கள். 1885-ல் அங்கே ஆடிய விர்ஜீனியா சுக்கி நீண்ட பாவாடையை உடுத்த மறுத்தார். அவர்களுக்குப் பின் வந்த பியரினா லெஞானி ஒற்றைக் காலில் தொடர்ந்து முப்பத்திரண்டு சுற்றுகள் சுற்றிக் காட்டினார். இப்படிப்பட்ட வேலையில் முழங்காலும் தொடையும் எப்படித் திரும்புகின்றன என்று தெரிய வேண்டும், பாவாடை ஏறித்தான் ஆக வேண்டும். ‘ஸ்லீப்பிங் பியூட்டி’, ‘ஸ்வான் லேக்’ போன்றவை இந்த வகையில் சேரும். குட்டைப் பாவாடையைக் கம்பி கொடுத்துத் தரைக்கு இணையாக நிறுத்தியது இருபதாம் நூற்றாண்டின் பழக்கம்.

அந்தக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காசு பார்ப்பதே அதில்தான். குட்டை டூட்டூ ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். இடுப்பை இறுக்கும் பட்டி, அதோடு இணைந்த நிக்கர், நிக்கரின்மேல் பத்துப் பன்னிரண்டு அடுக்கு நெட். காலோரம் இருப்பது ஒரு விரல்கடை அகலம், மேலே போகப் போக ஒவ்வோர் அடுக்கும் கொஞ்சம் நீளும். நடு அடுக்குகளில் ஒன்றில் துணிக் குழல் தைத்து அதற்குள் எஃகுக் கம்பியை ஓட்டியிருப்பார்கள். அடுக்குகளைத் தளர்வான நூலால் ஒன்றோடொன்று கையால் பிடித்திருப்பார்கள். நூலை எவ்வளவு இறுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பாவாடையின் வடிவம் மாறும். நேரம் பிடிக்கும் வேலை இதுதான், மலிவு டூட்டூவில் காணாமல் போவதும் இதுதான். நூல் பிடிப்பு இல்லாமல் தடித்த நெட்டும் கம்பியும் மட்டும் இருந்தால் பாவாடை அட்டைபோல் விறைத்து நிற்கும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இடுப்பு எலும்பு இன்னும் விரிந்திருக்காது. பட்டி நழுவும், ஒரு பக்கம் சாயும், சுற்றும்போது தட்டு ஒரு திசையிலும் உடம்பு ஒரு திசையிலும் போகும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. குட்டை டூட்டூ என்றாலே கம்பி என்று அந்த மனிதர் சொன்னால், பார்பரா கரின்ஸ்கா பெயரைக் கேள்விப்பட்டதுண்டா என்று கேளுங்கள். கார்கிவ் நகரில் பிறந்து, நியூயார்க் சிட்டி பாலே குழுவுக்காக, நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷீனுடன் பல்லாண்டு உழைத்த உடைக் கலைஞர். ‘சிம்ஃபனி இன் சி’ என்ற படைப்பின் முடிவில் பெருங்கூட்டம் ஒன்றாக மேடையை நிறைக்கும். கம்பி டூட்டூக்களில் அத்தனை பேரை நிறுத்தினால் ஒருத்தியின் விளிம்பு அடுத்தவளைத் தட்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் எழும், வரிசை முழுவதும் ஆடிக்கொண்டே இருக்கும். 1950-ல் கரின்ஸ்கா கம்பியையே எடுத்துவிட்டார். நீளத்தைக் குறைத்து, ஆறேழு அடுக்கு நெட்டைச் சுருக்கித் தளர்வாகப் பிடித்தார். அடுக்குகள் ஒன்றையொன்று தாங்கின, பாவாடை பவுடர் பஞ்சுபோல் இடுப்பில் அமர்ந்தது. இடித்தாலும் மெல்ல அசைந்துவிட்டு மீண்டும் தன் இடத்துக்கு வந்தது. மேல்சட்டையின் பக்கத் துண்டுகளை அவர் துணியின் மூலைவாட்டில் வெட்டினார், நெஞ்சு விரிந்து மூச்சு வாங்க இடம் கிடைத்தது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னாளில் உங்கள் மகள் குட்டை டூட்டூ தேவைப்படும் நடனத்துக்கு மாறினால், வளரும் பெண்ணுக்கு நான் சொல்லக்கூடியது இந்த வகை மட்டும்தான். ‘ஜிசெல்’லுக்கு இதுவும் வேண்டாம்.

இனி அந்த மனிதர். பள்ளி அனுப்பிய ஆள் என்பதால் நம்பிவிட வேண்டாம். ஆள் அனுப்பும் பள்ளிகள் சிலவற்றுக்குக் கமிஷன் போகிறது, பெற்றோருக்கு அது தெரிவதில்லை. அளவு எடுக்கும்போது உடன் இருங்கள். தோளில் தொடங்கி முன்பக்கமாக இறங்கி, கால்களுக்கு இடையே போய், முதுகுப் பக்கமாக அதே தோளுக்கு வரும் சுற்று அளவை அவர் எடுக்கிறாரா என்று பாருங்கள். குழந்தை வளரும்போது முதலில் போதாமல் போவது அந்த அளவுதான். மார்பையும் இடுப்பையும் மட்டும் குறித்துக்கொண்டு கிளம்புகிறவர் டூட்டூ தைப்பவர் அல்ல. எங்கிருந்தோ வரவழைத்து, கல் ஒட்டி, விலையை ஏற்றி விற்பவர். ‘அசல் பட்டு வலை’ என்றும் சொல்வார்கள். இன்று பெரும்பாலும் கிடைப்பது நைலான் அல்லது பாலியெஸ்டர், அதில் தவறில்லை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் அருகில் கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும். எரிவாயு விளக்குக் காலத்தில் மெல்லிய துணி இதைவிடக் கொடுமை செய்தது. தீப்பிடிக்காதபடி மருந்தில் நனைத்த துணி அழுக்காகவும் விறைப்பாகவும் இருக்கிறது என்று மறுத்த நடனமணி எம்மா லிவ்ரி, 1862-ல் பாரிஸில் ஒத்திகையின்போது பாவாடையில் தீப்பற்றி, எட்டு மாதம் துடித்து இறந்தார்.

போட்டி நடத்துபவர்களையும் சொல்ல வேண்டும். விதித்தாளில் ‘பொருத்தமான உடை’ என்று ஒற்றை வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். எது பொருத்தம் என்று எழுத அரைப் பக்கம் போதும். அதை எழுதாததால் ஒவ்வொரு பருவத்திலும் தாய்மார்கள் நூற்றுக்கணக்கான பவுண்டுகளை இருட்டில் வீசுகிறார்கள். பன்னிரண்டு வயதுக் குழந்தையின் பாதத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் பாவாடைக் கல்லைப் பார்க்க வைத்தது யார் என்று எனக்குப் புரியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. போட்டிக்காரர்களுக்கு மின்னஞ்சல் எழுதி, நடனத்தின் பெயரையும் அங்கத்தையும் குறிப்பிட்டு, மணி வடிவ நீண்ட பாவாடை ஏற்கப்படுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பிறகு வாடகைக்குத் தேடுங்கள், பெரிய நகரங்களில் மேடை உடை வாடகைக்கு விடும் இடங்கள் இருக்கும். தைத்தே ஆக வேண்டும் என்றால் பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மீதியை, உங்கள் மகள் அதை உடுத்தி நடனம் முழுவதையும் ஒருமுறை ஆடிப் பார்த்த பிறகு கொடுங்கள். முதுகில் கொக்கிகளுக்கு எதிரே கண்ணிகளை மூன்று வரிசையாக வைக்கச் சொல்லுங்கள், தோளிலும் மடித்துத் தைத்த துணி கொஞ்சம் இருக்கட்டும். அடுத்த ஆண்டு அவள் வளர்ந்தாலும் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.