கத்தோலிக்கப் பள்ளியின் முன்னாள் மாணவர் விழாவில் யாரைக் கௌரவிப்பது?

தருமபுரியில் நீங்கள் படித்த கத்தோலிக்கப் பள்ளியில் முன்னாள் மாணவர் சந்திப்பு நடக்கப்போகிறது, அதில் சிறந்த முன்னாள் மாணவர்கள் என்று சிலரை மேடையேற்ற வேண்டும், இதுவரை குழுவில் வந்த பெயர்கள் ஒரு அரசு உயரதிகாரி, இரண்டு டாக்டர்கள், பெங்களூரில் கம்பெனி நடத்துகிற ஒருவர், இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியில் சிஸ்டர்களிடம் படித்தவள், அங்கே இதே மாதிரி விழாக் குழுவில் இருந்தவள். அவர்களும் இருக்கட்டும், ஆனால் அவர்கள் மட்டும் இருந்தால் அது நம் மாவட்டத்துப் பள்ளிக்கான பட்டியல் இல்லை என்பதுதான் என் பதில்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி, சுமார் 68.5 சதவீதம். அப்போதே அப்படி என்றால், அதற்கும் முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு போர்டிங்கில் வந்து சேர்ந்த பிள்ளைகள் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்திருப்பார்கள்! வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசிவிட்டு இங்கே வந்து தமிழ் எழுதப் படித்தவர்களும் நிறைய. அப்படி வந்த ஒரு பெண் பத்தாவது முடித்து, கிராம சுகாதார செவிலியர் ஆகி, ஓய்வு பெறும்வரை மலைக்கிராமத்துத் துணை சுகாதார நிலையத்திலேயே இருந்து பிரசவம் பார்த்திருக்கிறார் என்றால், அவரை விடச் சிறந்த முன்னாள் மாணவி யார்? அவருக்கு யாரும் ஃபோன் செய்து கூப்பிடவில்லை என்பதால்தான் பட்டியலில் பெயர் இல்லை.

அதனால் பெயர்களைக் குழுவே உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. செட் செட்டாகக் கேளுங்கள், முக்கியமாக ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வீட்டுக்கே போய்க் கேளுங்கள். எங்கள் தையல் டீச்சருக்கு யார் யார் எந்த ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்டார்கள், யார் பாதியில் நின்று பிறகு தபாலில் படித்து டீச்சர் ஆனார்கள் என்று எல்லாமே மனப்பாடம். வாட்ஸப் குழுவில் கேட்டால் சத்தமாகப் பேசுகிறவர்களின் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஆட்களைத் தேடும்போது ஒரு விஷயம். தருமபுரி மறைமாவட்டம், அதாவது ஒரு ஆயரின் கீழ் வருகிற திருச்சபைப் பகுதி, 1997இல்தான் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முன் உங்கள் பள்ளியில் தாளாளராக இருந்த ஃபாதர்களில் சிலர் பிறகு சேலம் பக்கமே தங்கிவிட்டிருக்கலாம், அங்கேயும் விசாரியுங்கள். மாவட்டக் கணக்கும் அப்படித்தான்: தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. பழைய பதிவேட்டில் உள்ள முகவரியை அப்படியே நம்பித் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார்.

பதிவேடு என்றதும் எங்கள் விழாவில் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணாடி ஷீல்டு, பொன்னாடை எல்லாம் எல்லா விழாவிலும் கொடுப்பதுதான். எங்கள் தலைமை ஆசிரியை சிஸ்டர் பழைய சேர்க்கை விண்ணப்பங்களைத் தேடியெடுத்து, கௌரவிக்கப்படுகிற ஒவ்வொருவருடைய தாளையும் நகல் எடுத்துச் சட்டம் போட்டுத் தந்தார். ஒருவருடைய தாளில் பெற்றோர் கையொப்பம் போட வேண்டிய இடத்தில் அவருடைய அப்பாவின் கட்டைவிரல் ரேகை. ஊதா மை கொஞ்சம் பரவி, பக்கத்தில் யாரோ ஒரு ஆசிரியர் 'இடது கை பெருவிரல்' என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்தார். அந்த அம்மா மேடையிலேயே சட்டத்தின் மேல் அந்த ரேகை இருந்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார், அப்புறம் பேச வந்ததை எல்லாம் மறந்து அப்பாவைப் பற்றியே பேசினார். உங்கள் பள்ளியில் அந்தத் தாள்கள் கரையான் அரிக்காமல் இருந்தால் அவசியம் இதைச் செய்யுங்கள். ஆனால் சாதி எழுதிய பகுதியை மறைத்துவிட்டு நகல் எடுங்கள், அது மேடைக்கு வரவே கூடாது.

அடுத்தது கத்தோலிக்கப் பள்ளிகளுக்கே உரிய ஒரு சங்கடம். அங்கே படித்துப் பாதிரியார் ஆனவர்களும் கன்னியாஸ்திரி ஆனவர்களும் இருப்பார்கள், அவர்களைக் கட்டாயம் கௌரவிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் சொல்வார்கள். காலையில் நன்றித் திருப்பலி (பூசை) வைத்து அதில் அவர்களைப் பீடத்தில் நிற்க வைத்து வாழ்த்துங்கள், அதுதான் அவர்களுக்கும் பிடிக்கும். பொது மேடை விருது எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் இருக்கட்டும், ஏனென்றால் நம் பள்ளிகளில் படித்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை, மறைக்கல்வி வகுப்பு நேரத்தில் பக்கத்து அறையில் நன்னெறி படித்தவர்கள். ஒரு சிஸ்டர் தொழுநோயாளிகளுக்காக உழைத்திருந்தால் அந்த உழைப்புக்காக மேடைக்கு வரட்டும்.

நன்கொடையையும் விருதையும் ஒரே நாளில் அறிவிக்காதீர்கள். இதில் நான் ரொம்பக் கறாராக இருப்பேன். பணம் கொடுத்தவருக்கு மேடை என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் அந்தச் செவிலியர் அம்மாவின் விருதுக்கும் மதிப்பு போய்விடும். பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, உதவிபெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குத்தான் அரசு சம்பளம் தருகிறது, கட்டடம் பராமரிப்பதும் நிர்வாகம் வைக்கிற கூடுதல் ஆசிரியர் சம்பளமும் நிர்வாகத்தின் தலையில்தான். ஆகவே முன்னாள் மாணவர் சங்கத்தை 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யுங்கள், ஏழு பேர் இருந்தால் போதும். பதிவு செய்து சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்குங்கள், பொருளாளரின் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர், பிறந்தது தருமபுரி பக்கத்து இண்டூராகவே இருந்தாலும், கையில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வரும், எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் அதை வாங்கக் கூடாது.

விருது பெறுகிறவர்களை ஆளுக்கு மூன்று நிமிஷம் பேச விடுங்கள், சிறப்பு விருந்தினர் உரையைச் சுருக்கிக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வகுப்பறையில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளோடு உட்காரட்டும். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்டது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சாதாரண வேலையில் சேர்ந்து சூப்பர்வைசர் ஆன ஒரு அக்காவிடம்தான். எவ்வளவு சம்பளம், ஹாஸ்டல் உண்டா, நைட் ஷிஃப்ட்டுக்கு வீட்டில் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று விடவே இல்லை.

தேதி என்றால் மே வேண்டாம். சிஸ்டர்களுக்கு மாறுதல் வருகிற நேரம், தவிர மாங்காய் சீசனில் தோட்டம் வைத்திருப்பவர்கள் யாரும் வர மாட்டார்கள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. கிறிஸ்துமஸ் முடிந்து டிசம்பர் 27க்கும் 30க்கும் நடுவில் ஒரு நாள் வையுங்கள், வெளியூர்க்காரர்கள் அப்போது ஊரில் இருப்பார்கள், பிள்ளைகளை மட்டும் முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும். காலை பத்து மணிக்கே தொடங்கி நாலு மணிக்குள் முடித்துவிடுங்கள், சித்தேரி, ஏரியூர் பக்கம் போக வேண்டியவர்கள் பஸ்ஸை நினைத்துப் பாதியில் எழுந்து போகிற மாதிரி ஆகிவிடக் கூடாது.