கோடு போட்டதும் பழுப்பும் ஒரே சிலந்திதான்

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு மாதிரி குதிக்கும் சிலந்திகள் இருக்கின்றன. ஒன்று கறுப்பில் வெள்ளைக் கோடு, மற்றது மங்கிய பழுப்பு. மருந்தடிக்க வந்தவர், "ரெண்டும் வேற வேற இனம்மா, ரெண்டு மருந்து அடிக்கணும், கோடு போட்டது விஷம்" என்று தனித்தனியாகக் காசு கேட்கிறார். வீட்டில் தவழும் குழந்தை. படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: காசு கொடுக்காதீர்கள் அம்மா. படத்தில் இருப்பவை இரண்டும் பிளெக்சிப்பஸ் பேகுல்லி என்ற ஒரே இனம். கோடு போட்டது ஆண், பழுப்பு பெண். வெப்ப நாடுகள் எங்கும் வீட்டுச் சுவர்களில் வாழும் சிலந்தி இது. ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஈயையும் சின்னக் கரப்பானையும் பிடித்துத் தின்னும். குழந்தைக்கு இதனால் ஆபத்தில்லை.

நீங்களே சரிபார்க்கலாம். முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டைக் கைகள் தெரியும். வளர்ந்த ஆணுக்கு அவற்றின் நுனி குத்துச்சண்டை உறை மாட்டியதுபோல் உப்பியிருக்கும். பெண்ணுக்கு மெலிந்திருக்கும். குஞ்சுகள் ஆணானாலும் தாயைப்போல் பழுப்பாகவே இருந்து, தோலுரித்து வளர வளர நிறம் மாறும். அவற்றைக் காட்டி 'மூணாவது இனம்' என்று இன்னொரு மருந்துக்கும் அந்த ஆள் காசு கேட்பார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெளிச்சுவரில், வெயில் படும் இடத்தில், சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது மெனிமெரஸ் பைவிட்டாட்டஸ். அது உண்மையிலேயே வேறு இனம். அதிலும் ஆணின் முதுகு நடுவே கறுப்புக் கோடு, பெண்ணுக்கு இரண்டு ஓரங்களிலும் கோடு. அதனால் கோட்டை எண்ணாதீர்கள், உடம்பைப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சிலந்தி பருத்தது, இது அழுத்திவைத்தாற்போல் சப்பை. இதுவும் ஒன்றும் செய்யாது.

நிறத்தை வைத்து இனம் பிரிக்கும் கைபேசிச் செயலிகளையும் நம்பவேண்டாம். சிலந்தியில் இனத்தை உறுதிசெய்வது இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு. அதை வளர்ந்த சிலந்தியில்தான், நுண்ணோக்கியில்தான் பார்க்கமுடியும். படத்தை அனுப்பு, பணம் கட்டு, புதிய இனமாக வெளியிடுகிறோம் என்று மாணவர்களை வளைக்கும் ஆய்விதழ்க் கும்பல் ஒன்றும் உலவுகிறது. தயவுசெய்து அவர்களிடம் போய்விடாதீர்கள். ஒரே இனத்தின் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று பழைய ஆய்வாளர்கள் வைத்துவிட்டுப் போனதையே சிலந்தி ஆய்வாளர்கள் நாங்கள் இன்னும் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பெண் சிலந்தியை மட்டும் பார்த்து எழுதிய நாலு வரிதான் பல இனங்களுக்கு ஆதாரம். பெயர் வைத்தபோது பார்த்த அந்தச் சிலந்தியோ, அதாவது மூல மாதிரியோ, லண்டனிலோ கொல்கத்தாவிலோ பெட்டிக்குள் இருக்கும். அதைப் பார்க்கக் கடிதம் எழுதிக் காத்திருந்தே ஆய்வு மாணவரின் உதவித்தொகைக் காலம் தீர்ந்துவிடுகிறது. மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியிலாவது இனம் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால், மருந்துக்காரரின் வார்த்தையை நீங்கள் கேட்கவேண்டியே வராது.

உள்ளே வந்தால் தம்ளரைக் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே விட்டுவிடுங்கள். குழந்தை தவழும் தரையில் மருந்து மட்டும் வேண்டாம்.